சீருடையும் சிறுவரும்

சாரணர் என்னும் சொல் தமிழுக்குப் புதிதன்று. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரைக்குச் செல்லும் வழியில் சாரணர் தோன்றி அறம் உரைத்ததைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. அச்சாரணர் சமண முனிவர், தவத்தான் உயர்ந்தோர், யாண்டும் திரிந்து உயிர்கட்கு நலம் பயப்பவர். இனி, அதே சொல்லுக்கு ஒற்றன் என்னும் பொருளையும் அகராதிகள் தருகின்றன. பகைவர் நாட்டுள் மறைந்து புகுந்து, அங்கு நிகழ்வனவற்றை அறிந்து வந்து, தன் வேந்தனுக்கு உரைப்பவனே ஒற்றன். அருளே உருவாகிய முனிவனும், போருக்கு உதவும் ஒற்றனும் ஒரு சொல்லுக்குள்ளேயே அடங்கியிருத்தல் வியப்பன்றோ! இருபதாம் நூற்றாண்டில், 'ஸ்கவுட்' என ஆங்கிலத்தில் வழங்கும் சிறுவர் இயக்கத்துக்குத் தமிழ்ப் பெயர் வேண்டியபோது, நம்மவர் இச்சொல்லையே தெரிந்தெடுத்தனர். அவர் எண்ணித்தான் செய்தனரோ, எண்ணாது செய்தனரோ, பெயர் மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது. ஏனெனில் அவ்வியக்கம் தோன்றிய நாள்தொட்டு அதனைப் பற்றி எழுந்த வழக்கு முழுவதும் இவ்விரு பொருளுக்கும் இடையே நிகழ்ந்த வழக்கே ஆகும். ஒரே நிறத்து உடையை அணிவித்து, அணிவகுத்து நிறுத்தி, உறுதிமொழி கூறச் செய்து சிறுவரை வளர்ப்பது அவர்களைத் தொண்டர் ஆக்குமா, போர்வீரர் ஆக்குமா என்பதே அவ்வழக்கு.

இவ்வழக்கின் தொடக்கத்தை அறிய, சாரணர் இயக்கத்துக்கும் முற்பட்ட ஓர் இயக்கத்தைக் காணுதல் வேண்டும். ஸ்காத்லாந்து நாட்டில் கிளாஸ்கோ என்பது பெரியதோர் தொழில் நகரம். அங்கு வில்லியம் அலெக்சாண்டர் ஸ்மித் என்பார் வார நாள்களில் வணிகம் செய்தும், ஞாயிற்றுக்கிழமைகளில் கிறித்தவத் திருச்சபையின் பள்ளியில் சிறுவர்க்குப் பாடம் சொல்லியும் வந்தார். அவர் தொண்டர் படையொன்றில் அலுவலராகவும் இருந்தவர். அணிநடைக் களத்தில் அவர் இட்ட கட்டளைக்கு இளைஞர் விரைந்து பணிந்தனர். ஞாயிறு பள்ளியிலோ சிறுவர் அடங்காது ஆரவாரம் செய்தனர். களத்தில் உள்ள ஒழுங்கைப் பள்ளிக்குள் கொணர்ந்தால் என்ன என்று அவர் எண்ணினார். அவ்வெண்ணத்தின் பயனாக 1883ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் 'பாய்ஸ் பிரிகேடு' எனப்படும் சிறுவர் படையணி தோன்றியது. அதன் சீருடை மிக எளியது. சிறுவர் தாம் நாள்தோறும் அணியும் உடையின்மேல் சிறிய வட்டத்தொப்பி ஒன்றும், இடைவார் ஒன்றும், வெண்ணிறத் தோட்பை ஒன்றும் அணிந்தனர். வறியவர் வீட்டுச் சிறுவனும் பெறக்கூடிய உடை அது. ஆயினும் அவர் கையில் சுடாத போலித் துப்பாக்கியும் இருந்தது. அதனைத் தோளில் சார்த்தி அவர் நடை பயின்றனர்.

தொப்பியைக் குறித்து எவரும் பெரிதாகக் குறை கூறிலர்; துப்பாக்கியைக் குறித்தே பலரும் மனம் வருந்தினர். பகைவனையும் நேசிக்கக் கற்பிக்கும் இடத்தில் பகைவனைச் சுடும் கருவி எற்றுக்கு என்று அமைதி விரும்பும் கிறித்தவர் வினவினர். துப்பாக்கி சிறுவரை ஈர்க்கும் கருவியே அன்றி வேறன்று. போர்ப்பயிற்சி நமக்கு வழியே அன்றி இலக்கன்று என்பது படையணியார் கூறிய விடை. இவ்விடையால் அமைதியுறாத ஜான் பிரவுன் பேட்டன் என்னும் சமயப் பெரியார், 1899ஆம் ஆண்டில் 'பாய்ஸ் லைஃப் பிரிகேடு' எனப்படும் மற்றோர் அணியை நிறுவினார். அவரும் சீருடையை நீக்கவில்லை, அணிநடையை நீக்கவில்லை, கட்டளையை நீக்கவில்லை. துப்பாக்கி ஒன்றையே நீக்கி, அவ்விடத்தில் உயிர் காக்கும் பயிற்சியை வைத்தார். நீரில் வீழ்ந்தாரைக் கரையேற்றுதல், தீயில் அகப்பட்டாரை மீட்டல், காயமுற்றாரைத் தூக்குப் படுக்கையில் ஏந்திச் செல்லுதல் ஆகியவற்றை அவ்வணியார் பயின்றனர். ஒழுங்கு வேறு, போர் வேறு. இரண்டையும் பிரிக்க முடியும் என்பதை வாதத்தாற் காட்டாது செய்கையாற் காட்டிய பெருமை பேட்டனுக்கே உரியது.

பின்னர்ப் பிரித்தானிய அரசின் போர்த்துறை, இத்தகைய சிறுவர் அணிகளைப் படைப்பயிற்சி அணிகளாகப் பதிவு செய்ய முன்வந்தது. ஒரு சில அணிகள் அதற்கு இசைந்தன. ஸ்மித் தொடங்கிய படையணியோ இசையவில்லை. துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டே, போர்த்துறையின் கையில் தம்மை ஒப்புவிக்க மறுத்த அவர்தம் நிலை சிலருக்கு முரணாகத் தோன்றலாம். 1914ஆம் ஆண்டில் ஸ்மித் காலமானார். அதே ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. போரின் கொடுமையைக் கண்டபின் துப்பாக்கியின் மீதிருந்த கவர்ச்சி பலர்க்கும் குறைந்தது. 1926ஆம் ஆண்டில் இரு படையணிகளும் ஒன்றாக இணைந்தன. இணைந்த அணியில் துப்பாக்கிக்கு இடமில்லாது போயிற்று. நாற்பது ஆண்டுகட்கும் மேலாக நடந்த வழக்கு ஒன்று இவ்வாறு முடிந்தது.

இனிச் சாரணர் இயக்கத்துக்கு வருவோம். அதனைத் தோற்றுவித்த பேடன் பவல் பிரித்தானியப் படைத்தலைவர். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில், மாபெக்கிங் என்னும் சிற்றூரைப் பகைவர் 217 நாள்கள் முற்றுகையிட்டிருந்தபோது அவ்வூரைக் காத்துப் பெரும்புகழ் எய்தினார். 1899 அக்டோபரில் தொடங்கிய அம்முற்றுகை 1900 மே மாதத்தில் நீங்கியது. ஆண்மக்கள் பலரும் அரண் காக்கச் சென்றமையின், செய்தி கொண்டு செல்லுதல் முதலிய பணிகளை அவ்வூர்ச் சிறுவர் மேற்கொண்டனர். பொறுப்பைக் கொடுத்தால் சிறுவரும் பெரியோர் போலத் தாங்குவர் என்பதை அவர் அங்குக் கண்டறிந்தார். 1904ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் ஸ்மித்தின் படையணியைப் பார்வையிட்டபோது, படைவீரர்க்கென அவர் எழுதியிருந்த ஒற்றாடல் நூலைச் சிறுவர்க்கு ஏற்ப மாற்றி எழுதுமாறு ஸ்மித் அவரைத் தூண்டினார். 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ என்னும் சிறு தீவில், செல்வர் வீட்டுச் சிறுவரையும் உழைப்பாளர் வீட்டுச் சிறுவரையும் ஒருங்கு சேர்த்து ஒரு பாசறை அமைத்துத் தம் முறையை அவர் சோதித்துப் பார்த்தார். மறு ஆண்டில் நூல் வெளிவந்தது. நூலைப் படித்த சிறுவர், பெரியோர் எவரும் கூறாமலே தாமே குழுவாகக் கூடித் தம்மைச் சாரணர் என அழைத்துக்கொண்டனர். இயக்கம் முன்னே பிறந்தது. அதற்குரிய அலுவலகம் பின்னே வந்தது!

பேடன் பவல் படைத்தலைவரே ஆயினும் அணிநடைப் பயிற்சியில் அவருக்குப் பற்றில்லை. அது சிறுவனின் தனித்தன்மையை அழித்துவிடும் என்று அவர் கருதினார். ஆதலின் சாரணரை அறுவர் எழுவர் கொண்ட சிற்றணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் சிறுவன் ஒருவனையே தலைவன் ஆக்கினார். முடிச்சிடுதலும், தடம் அறிதலும், விண்மீன் நோக்கித் திசை உணர்தலும், தாமே சமைத்து உண்ணுதலும் பாடங்கள் ஆயின. உடையோ அவர் தென்னாப்பிரிக்காவில் அமைத்த காவற்படையின் உடையைத் தழுவியது: அகன்ற விளிம்புடைய தொப்பி, காக்கிச் சட்டை, கழுத்துக்குட்டை. இவற்றோடு அரைக்காற் சட்டையும் கைத்தடியும் சேர்ந்தன. இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன் உண்டு. கழுத்துக்குட்டை முறிந்த கையைத் தாங்கும் கட்டாகும். இரண்டு கைத்தடிகளும் இரண்டு சட்டைகளும் இருப்பின் நோயாளியைத் தூக்கிச் செல்லும் படுக்கை ஆயத்தம். செல்வன், வறியன் என்னும் வேற்றுமையைச் சீருடை மறைத்துவிடும் என்பது அவர் கூறிய தலையாய காரணம். இது பெரிதும் உண்மையே. ஆயினும், அச்சீருடையை வாங்கப் பொருளில்லாத வறிய சிறுவனை அதே சீருடை வெளியே நிறுத்திவிடுதலும் உண்டு என்பதை மறத்தலாகாது.

பெண்மக்கள் இதனைப் பார்த்துக்கொண்டு வாளா இருந்தாரல்லர். 1909 செப்டம்பரில் இலண்டனின் பளிங்கு மாளிகையில் சாரணர் பல்லாயிரவர் கூடியபோது, அழைப்பின்றியே சிறுமியர் சிலர் சாரணத் தொப்பி அணிந்து வந்து நின்றனர். தாமும் சாரணரே எனக் கூறினர். அதன்பின்னரே 1910ஆம் ஆண்டில் பெண்களுக்கெனச் சாரணியர் இயக்கம் தோன்றியது.

எதிர்ப்பு முதலில் இயக்கத்தின் உள்ளிருந்தே எழுந்தது. இலண்டன் நகரச் சாரண ஆணையராக இருந்த சர் பிரான்சிஸ் வேன், தலைமை அலுவலகத்தில் படைத்துறையினரின் செல்வாக்கு மிகுந்துள்ளது என வருந்தினார். 1909இன் இறுதியில் அவர் பதவி நீக்கப்பட்டார். பின்னர்த் தனித்தியங்கிய சாரணர் குழுவினரோடு சேர்ந்து, 1911ஆம் ஆண்டில் அமைதி நெறியைப் போற்றும் உலகச் சாரணர் அமைப்பொன்றை நிறுவுவதில் பங்கு கொண்டார். அவ்வமைப்பு பெரிதாக வளரவில்லை.

இவரினும் வேறுபட்டது ஜான் ஹார்கிரேவ் என்பாரின் கதை. இது நின்று நோக்கத்தக்கது. இளமையிலேயே சாரணர் இயக்கத்தில் சேர்ந்து, காட்டுக் கலையில் வல்லவராகி, அத்துறைக்குத் தலைமை ஆணையராக உயர்ந்தவர் அவர். முதல் உலகப் போரில் துப்பாக்கி ஏந்தாது, காயமுற்றோரைச் சுமக்கும் பணியில் கலிப்போலிக் களத்துக்குச் சென்றார். அங்குக் கண்ட காட்சிகளால் போரை அறவே வெறுத்து மீண்டார். சாரணர் தலைமையில் இருந்த படைத்துறை நாட்டத்தைக் கண்டித்தார். 1920ஆம் ஆண்டில் 'கிப்போ கிப்ட்' என்னும் தனிக் கூட்டத்தைத் தொடங்கினார்; அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் சாரணர் இயக்கத்தினின்றும் நீக்கப்பட்டார். ஆணும் பெண்ணும், முதியரும் இளையரும் அவர் கூட்டத்தில் ஒருங்கு கூடிக் காட்டில் உறைந்து கைவினை பயின்றனர். ஆனால் அக்கூட்டத்தில் தலைவர் சொல்லே முடிந்த சொல்லாயிற்று. அதனைப் பொறாத லெஸ்லி பால் முதலிய இளைஞர் பிரிந்து, 1925ஆம் ஆண்டில் தொழிலாளர் வீட்டுச் சிறுவர் சிறுமியர்க்கென வேறோர் இயக்கம் கண்டனர். ஹார்கிரேவின் கூட்டமோ சில ஆண்டுகளில் பொருளாதாரக் கொள்கை பேசும் அரசியல் இயக்கமாக மாறியது. பச்சைச் சட்டை அணிந்து, முரசு முழக்கி, கொடி தாங்கி நகரத் தெருக்களில் அணிநடை சென்றது. 1936ஆம் ஆண்டில் பிரித்தானிய நாடாளுமன்றம் பொது இடங்களில் அரசியல் சீருடை அணிவதைத் தடுத்துச் சட்டம் இயற்றியபோது, பச்சைச் சட்டையும் அத்தடைக்கு உட்பட்டது. சீருடைக்கும் படைநடைக்கும் அஞ்சி வெளியேறியவர், அவற்றைவிட மிகுந்த சீருடையிலும் படைநடையிலும் சென்று முடிந்தார். உடையை மாற்றுதல் எளிது. தலைவன் ஒருவனுக்கே அடங்கி நடக்கும் மனப்பான்மையை மாற்றுதலே அரிது.

அந்நாளில் ஐரோப்பாவின் பிற நாடுகளில் நிகழ்ந்தவை இதனினும் கொடியன. இத்தாலியில் முசோலினி 1926ஆம் ஆண்டில் 'பலில்லா' என்னும் சிறுவர் அமைப்பை ஏற்படுத்திக் கருஞ்சட்டை அணிவித்தார். அதன்பின் சாரணர் அமைப்புகள் அங்குக் கலைக்கப்பட்டன. செருமனியில் 1936 டிசம்பர் முதல் நாள் இயற்றிய சட்டத்தால் செருமானிய இளைஞர் அனைவரும் இட்லர் இளைஞர் அணிக்குள் அடக்கப்பட்டனர். 1939 மார்ச்சில் அதிற் சேர்ந்து பணியாற்றல் கட்டாயம் ஆயிற்று. பாசறைத் தீ, கூட்டுப் பாடல், கழுத்துக்குட்டை, உறுதிமொழி ஆகியவை அங்கும் இருந்தன. நோக்கம் மட்டுமே வேறு. சோவியத்து நாட்டில் 1922ஆம் ஆண்டில் தோன்றிய 'பயனீர்' அமைப்பு, சாரணர் இயக்கத்தை நீக்கிவிட்டு அதன் கழுத்துக்குட்டையைச் செந்நிறமாக்கி எடுத்துக்கொண்டது. ஆயத்தமாய் இரு என்னும் சாரணர் அழைப்பு அங்கும் அழைப்பாகவே நின்றது; எப்பொழுதும் ஆயத்தம் என்று சிறுவர் விடையிறுத்தனர்.

இவற்றைக் கண்டவர், சீருடை இயக்கம் யாவும் ஒரு தன்மையவே எனக் கூறினர். அக்கூற்று முற்றும் பொருந்துவதன்று. வாயில் இரண்டு உண்டா என்று பார்த்தல் வேண்டும். விரும்பிய சிறுவன் உள்ளே வர ஒரு வாயிலும், விரும்பாதபோது வெளியே செல்ல மற்றொரு வாயிலும் உள்ள இயக்கம் ஒரு வகை. உள்ளே இழுத்துக் கதவடைக்கும் இயக்கம் மற்றொரு வகை. இவ்வேற்றுமை உடையிலோ பாட்டிலோ காணப்படுவதன்று.

போலந்து நாட்டுச் செய்தி இதற்கு மேலும் ஒரு சான்று. 1939ஆம் ஆண்டில் செருமானியர் அந்நாட்டைக் கைப்பற்றிச் சாரணர் இயக்கத்தைத் தடை செய்தனர். சாரணரோ 'சாம்பல் அணிகள்' என்னும் மறைபெயருடன் சீருடையின்றி இயங்கினர். 1944 ஆகஸ்டில் வார்சா நகரத்து மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, இளஞ்சாரணர் அஞ்சல் பணியை ஏற்றனர். இடிந்த தெருக்களின் வழியே குண்டுமாரிக்கிடையே அவர் கடிதங்களைச் சுமந்து சென்றனர். ஒரு கடிதத்தில் 25 சொற்களுக்கு மேல் எழுதலாகாது என்பது விதி. பிரிந்த தாயும் மகனும் தாம் உயிருடன் இருப்பதை ஒருவர்க்கொருவர் அறிவித்துக்கொள்ள அக்கடிதங்களே துணை ஆயின. மூத்த சாரணரோ ஆயுதம் ஏந்திப் போரிட்டனர். அவர்களைத் தொண்டர் என்பதா, போர்வீரர் என்பதா? சிறுவரைச் சாவின் வாயில் அனுப்பியது தகுமா என்று கேட்பாரும் உளர். நாடே சாவின் வாயில் நின்றபோது அவர் வேறு எங்கு நிற்பது என்று விடை கூறுவாரும் உளர்.

இயக்கத்தின் மரபுகளைப் பற்றியும் கருத்து வேற்றுமை உண்டு. சாரணர் இடக்கையால் கை குலுக்குவர். ஆப்பிரிக்காவின் அசாந்தி மறவர், கேடயம் தாங்கும் இடக்கையை நீட்டுதல் தம்மை முழுதும் நம்பி ஒப்புவித்தலுக்கு அடையாளம் எனக் கொண்டதாகவும், அதிலிருந்து இவ்வழக்கம் வந்ததாகவும் ஒரு கதை வழங்குகின்றது. பயிற்சி பெற்ற சாரணத் தலைவர் கழுத்தில் அணியும் மரமணிகள், சூலு இனத்து இளவரசர் தினிசூலுவின் கழுத்தணியிலிருந்து வந்தன என்பது மற்றொரு மரபுச் செய்தி. முன்னாளில் இவற்றை வீரக் கதைகளாகக் கூறி மகிழ்ந்தனர். இந்நாளிலோ, அக்கழுத்தணி அவ்வினத்தாரிடமிருந்து எவ்வாறு வந்தது என்னும் வினா எழுகின்றது. 2020 ஜூன் மாதத்தில், இங்கிலாந்தின் பூல் துறைமுகத்தில் உள்ள பேடன் பவலின் சிலையை அப்புறப்படுத்த நகரவையார் எண்ணினர். பேரரசுக்கு அவர் ஆற்றிய பணியையும் இனம் பற்றிய அவர்தம் கருத்துகளையும் காட்டிச் சிலர் சிலையை எதிர்த்தனர். அவ்வூர் மக்களும் பழைய சாரணரும் சிலையைச் சூழ்ந்து காவல் நின்றனர். நிறுவினவரின் குறையை மறையாது கூறுவதும், அவர் நிறுவியதன் நன்மையைப் போற்றுவதும் ஒருங்கே இயலும் என்பதை இரு சாராருமே அன்று எண்ணிப் பார்த்திருக்கலாம்.

மரபு மாறாதது எனக் கருதுவோர் உறுதிமொழியின் வரலாற்றைக் காண்க. கடவுளுக்கும் அரசருக்கும் கடமை செய்வேன் என்று தொடங்கிய அது நாடுதோறும் மாறிற்று. 2013 செப்டம்பரில் பிரித்தானியச் சாரணியர் தம் உறுதிமொழியில் கடவுள் என்னும் சொல்லை நீக்கி, தமக்குத் தாம் உண்மையாய் இருத்தலைக் கூறும் சொற்களை அமைத்தனர். அமெரிக்கச் சிறுவர் சாரணர் அமைப்பு 2019ஆம் ஆண்டில் சாரணப் படைகளில் சிறுமியரையும் சேர்த்துக்கொண்டது. 2025ஆம் ஆண்டில் தன் பெயரிலிருந்து சிறுவர் என்னும் சொல்லையே நீக்கியது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் இயக்கம் அழிந்தது என்று வருந்தினாரும், இப்பொழுதுதான் திருந்தியது என்று மகிழ்ந்தாரும் இருந்தனர்.

உறுதிமொழியில் அரசர் என்னும் சொல் பிற நாட்டார்க்கு வெறும் சொல். இந்தியர்க்கோ அது நெஞ்சை உறுத்தும் முள். நம் நாட்டில் 1909ஆம் ஆண்டில் பெங்களூரில் முதற் சாரணர் படை தோன்றியது. ஆனால் அது ஆங்கிலேயச் சிறுவர்க்கும் ஆங்கில இந்தியச் சிறுவர்க்குமே உரியதாக இருந்தது. இந்தியச் சிறுவர்க்கு அதில் இடமில்லை. பயிற்சி பெற்ற இந்திய இளைஞர் ஆட்சிக்கு எதிராகத் திரும்புவர் என்னும் அச்சம் ஆட்சியாளரிடம் இருந்தது. வங்காளத்தில் 1902ஆம் ஆண்டில் உடற்பயிற்சிக் கழகமாகத் தோன்றிய அனுசீலன் சமிதி, புரட்சியாளர் கூடும் இடமாக மாறியதை அவர் கண்டிருந்தனர். எனவே இங்கிலாந்தில் இருந்தோர், சாரணர் பேரரசின் போர்வீரர் ஆகிவிடுவரோ என்று அஞ்சினர். இந்தியாவில் பேரரசே, சாரணர் தன் பகைவர் ஆகிவிடுவரோ என்று அஞ்சியது. ஒரே காக்கிச் சட்டையைக் கண்டு இரு திசையினரும் இருவேறு அச்சம் கொண்டனர்.

இந்நிலையில் அன்னி பெசண்டு அம்மையார், அருண்டேல் என்பாரின் துணையுடன் 1916ஆம் ஆண்டில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியச் சிறுவர் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். ஆங்கிலத் தொப்பியின் இடத்தில் இந்தியத் தலைப்பாகை ஏறியது. கூட்டங்களில் இந்தியப் பாடல்கள் ஒலித்தன. பாகை ஒன்றால் என்ன வேறுபாடு வந்துவிடும் என்று இன்று கேட்கலாம். தன் நாட்டு உடையோடு நிமிர்ந்து நிற்கலாம் என்பதை அந்நாளில் ஒரு மாணவனுக்கு உணர்த்தியது அப்பாகையே. மறு ஆண்டிலேயே, தன்னாட்சிக் கிளர்ச்சியின் பொருட்டு, அம்மையாரையும் அருண்டேலையும் அரசினர் உதகமண்டலத்தில் காவலில் வைத்தனர் என்பதையும் ஈண்டு நினைத்தல் தகும்.

வடநாட்டில், சிரீராம் பாஜ்பாய் என்பார் 1913ஆம் ஆண்டில் சாசகான்பூரில் ஒரு படை தொடங்கியிருந்தார். மதன்மோகன் மாளவியாவும் இருதயநாத் குன்சுருவும் அவரோடு கூடி, அலகாபாத்தில் சேவா சமிதிச் சாரணர் சங்கத்தை நிறுவினர். 1921ஆம் ஆண்டில் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது, பல அமைப்புகளையும் ஒன்றாக்க முயன்றார். அம்மையாரின் சங்கம் இணைந்தது. சேவா சமிதி தன் தனித்தன்மையை விடாது வெளியே நின்றது. 1937ஆம் ஆண்டில் தில்லியில் நடந்த பெருந்திரளணிக்கு அவர் மீண்டும் வந்தார். அதன்பின், இந்தியரின் ஒழுக்கத்தைக் குறைத்துக் கூறுவனவாக அவர் கருத்துகள் வெளிவந்தமையால் நாடெங்கும் மனக்கசப்பு உண்டாயிற்று. பலர் அவர்தம் அமைப்பை விட்டு விலகினர். 1938ஆம் ஆண்டில் இந்துஸ்தான் சாரணர் சங்கம் தோன்றியது. இவர்கள் விலக்கியது ஒருவரின் தலைமையை. சாரண நெறியை அன்று. அவர் கண்ட முறையையே கைக்கொண்டு அவர் தலைமையை மறுத்தது நம்மவரின் தெளிவைக் காட்டும்.

விடுதலை பெற்றபின் இச்சங்கங்கள் தனித்தனியே இருத்தற்குக் காரணம் இல்லாது போயிற்று. கல்வி அமைச்சர் மௌலானா ஆசாத்தும் பிறரும் முயன்றதன் பயனாக, 1950 நவம்பர் 7ஆம் நாள் அவை இணைந்து பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று. 1951 ஆகஸ்டு 15ஆம் நாள் சாரணியரும் அதில் சேர்ந்தனர். உறுதிமொழியில் அரசர் மறைந்து நாடு நின்றது. கடவுள் என்னும் சொல்லை ஏற்க விரும்பாதார் அவ்விடத்தில் தர்மம் எனக் கூறலாம் என்னும் இசைவும் அதில் உண்டு. பிற நாடுகளில் பெரும் பூசலை விளைத்த ஒன்றை இவ்வாறு ஒரே சொல்லால் அமைதிப்படுத்தியது போற்றத்தக்கது.

குன்சுருவின் வாழ்வில் மற்றொரு செய்தியும் உண்டு. சேவா சமிதியைக் கட்டியவரும், இணைந்த சாரணர் இயக்கத்தின் முதல் தேசிய ஆணையராக விளங்கியவரும் ஆகிய அவரே, 1946ஆம் ஆண்டில் மாணவர்க்குப் படைப்பயிற்சி அளிப்பது பற்றி ஆராய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராக இருந்தார். அக்குழுவின் பரிந்துரையால் 1948ஆம் ஆண்டில் தேசிய மாணவர் படை தோன்றியது. தொண்டையும் படைப்பயிற்சியையும் ஒன்றிற் குழைக்காது, இரண்டுக்கும் தனித்தனி இல்லம் அமைத்தார். படை என்பதைப் பெயரிலேயே மறையாது வைத்த தேசிய மாணவர் படையில் துப்பாக்கி உண்டு, அணிநடை உண்டு. ஆயினும், அதில் உறுப்பினர் என்பதனால் மட்டும் எந்த மாணவனையும் போர்க்களத்துக்கு அனுப்பலாகாது என்பது அதன் சட்டம்.

1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின், 1963ஆம் ஆண்டில் கல்லூரி மாணவர்க்கு அப்பயிற்சி கட்டாயம் ஆக்கப்பட்டது. அப்பொழுது பழைய வழக்கு நம் நாட்டுக் கல்லூரி முற்றங்களிலும் எழுந்தது. விரும்பாத மாணவனை வெயிலில் நிறுத்தி வைப்பதால் வருவது ஒழுங்கா, வெறுப்பா என்று பலர் கேட்டனர். 1968ஆம் ஆண்டில் கட்டாயம் நீங்கி, அது மீண்டும் விரும்பினார்க்கே உரியது ஆயிற்று. அடுத்த ஆண்டில், படைப்பயிற்சியை நாடாது ஊர்ப்பணியை நாடும் மாணவர்க்கென நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. படையுடை அவர்க்கு இல்லை, துப்பாக்கியும் இல்லை. கோனார்க்குச் சூரியன் கோயில் தேர்ச்சக்கரத்தைத் தழுவிய சிறிய சின்னம் ஒன்றே அவர் மார்பில் விளங்கும் அடையாளம்.